லாரிப் பட்டையில் அரிவாள் அடிப்பது: இரும்பும் கெடாமல், உடம்பும் கெடாமல்

திருப்பாச்சேத்தி அரிவாளைக் கேள்விப்படாதவர் தென் மாவட்டங்களில் குறைவு. சிவகங்கை மாவட்டத்து அந்த ஊரிலும் சரி, ஊருக்கு ஒன்றிரண்டாக மிஞ்சியிருக்கும் மற்றக் கொல்லுப்பட்டறைகளிலும் சரி, இன்றைக்கு அரிவாளுக்கு இரும்பு பெரும்பாலும் பழைய லாரிப் பட்டைதான், அதாவது லாரியின் அடியில் பாரம் தாங்கும் வில் பட்டை. அதைக் காய்ச்சி அடித்துத் தேங்காய் வெட்டும் அரிவாளாக்க 12 முதல் 15 சூடு (உலையில் ஒருமுறை காய்ச்சுவது ஒரு சூடு) பிடிக்கும். சூட்டுக்கு 25 சம்மட்டி அடி என்று வைத்தால், நாளைக்கு ஆறு அரிவாளுக்கு ஏறக்குறைய 2,000 அடி. சம்மட்டி 4 கிலோ என்றால் ஒரே நாளில் 8 டன்னைத் தலைக்கு மேல் தூக்கி இறக்கிய கணக்கு.

அந்த 8 டன்னைத் தூக்குவது பல பட்டறைகளில் ஆசாரியின் மனைவி. கூலிக்கு ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கட்டுபடியாவதில்லை. தோள்பட்டை தேய்ந்து, காது மந்தமாகி, கண்ணில் புரை விழுந்தபிறகு “பட்டறை வேலைன்னா அப்படித்தான்” என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி விடவேண்டியதில்லை. இந்த வலியில் பெரும்பங்கு பட்டடையின் (இரும்பை வைத்து அடிக்கும் அடிக்கட்டையின்) உயரத்திலிருந்தும், பொருந்தாத குறட்டிலிருந்தும், ஆறிப்போன இரும்பை அடிக்கிற பழக்கத்திலிருந்தும், சாணைத் தூசியிலிருந்தும் வருகிறது. அரிவாள் விரிசல் விடுவதும் வாய் (வெட்டும் விளிம்பு) மடங்குவதும் பெரும்பாலும் அதே இடங்களிலிருந்துதான் வருகின்றன. ஆகவே அடிக்கும் முறையையும் உடம்பைக் காக்கும் முறையையும் பிரிக்காமல் சேர்த்தே எழுதியிருக்கிறோம்.

இரும்பு எடுக்கும்போது

லாரிப் பட்டையில் கார்பன் ஏறக்குறைய 0.5 முதல் 0.65 சதவீதம் இருக்கும். பதம் ஏறுவதற்கு, அதாவது காய்ச்சித் தோய்த்தால் இறுகுவதற்கு, இது போதும். கட்டடக் கம்பியில் கார்பன் 0.3 சதவீதத்தைத் தாண்டாது. அதை எவ்வளவு அழகாக அடித்தாலும் வாய் நிற்காது. சந்தேகம் வந்தால் கிரைண்டரில் தொட்டுப் பாருங்கள். பட்டை இரும்பின் பொறி நுனியில் கிளைகிளையாக வெடித்துப் பூக்கும். சாதா இரும்பின் பொறி நீளக் கோடாகப் போய் அப்படியே அணையும். இன்னும் உறுதி வேண்டுமென்றால் ஒரு விரல் அகலத் துண்டைக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்துச் சம்மட்டியால் உடையுங்கள். கண்ணாடிபோல் முறிந்து, முறிந்த இடம் சாம்பல் நிறத்தில் மாவுபோல் நைசாக இருந்தால் எடுக்கலாம். வளைந்து கொடுத்தால் பழைய இரும்புக் கடைக்கே திருப்பிவிடுங்கள்.

கட்டு உடைந்த லாரியிலிருந்து வருகிற பட்டைதான் பெரும்பாலும் கைக்குக் கிடைக்கும். அது ஏன் உடைந்தது என்று பார்க்காமல் அடிக்க உட்காராதீர்கள். நடு போல்ட் துளையைச் சுற்றித்தான் விரிசல் ஒளிந்திருக்கும். துளைக்கு இருபுறமும் 5 செ.மீ. கழித்துவிடுங்கள். மிச்சத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மண்ணெண்ணெய் தடவிப் பத்து நிமிடம் ஊறவிட்டு, நன்றாகத் துடைத்துவிட்டுச் சுண்ணாம்புத் தூளைத் தூவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து வெள்ளையில் மெல்லிய ஈரக் கோடாகத் தெரியும். இந்தக் கோட்டைக் காணாமல் விட்டால், 12 சூடும் 300 அடியும் போட்டபிறகு, பதம் போடும் நிமிடத்தில் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அவ்வளவுதான், அரை நாள் உழைப்பு போச்சு.

பட்டையின் பழைய பெயிண்டையும் கிரீஸையும் சுரண்டாமல் உலையில் போடாதீர்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். துத்தநாக முலாம் பூசிய குழாய், போல்ட், தகடு எதுவும் உலைப் பக்கமே வரக்கூடாது. அந்த வெள்ளைப் புகையை மூச்சில் இழுத்தால் வாயில் உலோகச் சுவை தட்டும், ராத்திரி குளிர்காய்ச்சல் தூக்கிப்போடும்.

அளவு: 70 மி.மீ. அகலம், 9 மி.மீ. கனம் உள்ள பட்டையில் 16 செ.மீ. துண்டு ஏறக்குறைய 790 கிராம் இருக்கும். செதிளாய் உதிர்வதும் சாணையில் போவதும் 150 கிராம் வரை. 640 கிராம் சுமாருக்கு அரிவாள் நிற்கும். கேஸ் கட்டரில் வெட்டி வாங்கினால் வெட்டு வாயில் 3 மி.மீ. தேய்த்து எடுத்துவிடுங்கள், அந்த ஓரம் கண்ணாடிபோல் இறுகி, நுண்ணிய விரிசலோடு இருக்கும்.

பட்டடையின் உயரம்

இதை ஒரு தடவை சரியாகச் செய்தால் அடுத்த இருபது வருடத்துக்கு இடுப்பு தப்பிக்கும். தரையோடு பதித்த பட்டடையில் ஆசாரி குந்தி உட்கார்ந்து பிடிக்க, சம்மட்டி ஆள் முழங்காலுக்குக் கீழே குனிந்து அடிக்கிற பட்டறைகள் இன்னும் ஏராளம். அப்படி அடிக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் முதுகு மடங்கி நிமிர்கிறது. அடியும் நேராக விழாது. சம்மட்டி முகம் சாய்ந்து அதன் விளிம்பு இரும்பில் பதியும். அந்தப் பிறைவடிவத் தழும்பைச் சாணையில் எடுக்க இன்னொரு கால் மணி நேரம் ஆகும்.

சம்மட்டி அடிப்பவர் நேராக நின்று, கையைத் தொங்கவிட்டு முஷ்டியை மடக்கட்டும். விரல் கணு எங்கே நிற்கிறதோ அங்கிருந்து 2 அங்குலம் கீழே பட்டடையின் முகம் இருக்கவேண்டும். உயரத்தை அடிப்பவருக்காக வைக்கவேண்டும், பிடிப்பவருக்காக அல்ல. இருவருக்கும் உயர வித்தியாசம் அதிகமென்றால், குட்டையானவர் நிற்கிற இடத்தில் 3 அடிக்கு 3 அடி மண்மேடு போட்டு இறுக்கிக்கொள்ளலாம். பலகை போடாதீர்கள், கால் இடறும். உட்கார்ந்துதான் பிடிப்பேன் என்கிற பெரியவர்களுக்கு, பட்டடையை உயர்த்திவிட்டு ஒரு திண்டு கட்டிக்கொடுங்கள். காலைத் தொங்கவிட்டு உட்காரட்டும்.

பட்டடைக்குக் கீழே புளியமரக் கட்டை, விட்டம் 45 செ.மீ., அதில் 60 செ.மீ. மண்ணுக்குள். சுற்றி மணலை நனைத்து இடித்து நிரப்புங்கள். பட்டடை சம்மட்டியைப்போலப் பத்துப் பன்னிரண்டு மடங்காவது எடை இருக்கவேண்டும். லேசான பட்டடை ஒவ்வோர் அடியிலும் தானும் அசைந்து அடியின் வேகத்தில் கொஞ்சத்தை விழுங்கிவிடும். அதை ஈடுகட்டக் கூடுதலாக நாலு அடி உங்கள் தோளிலிருந்துதான் வரும். பட்டடையின் இடுப்பில் ஒரு கனமான சங்கிலியை இறுக்கிச் சுற்றி, பக்கவாட்டில் பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை ஒட்டிவிட்டால் ‘கணீர்’ என்கிற சத்தம் ‘தட்’ என்று அடங்கும்.

அந்தச் சத்தம் சின்ன விஷயமில்லை. 90 டெசிபலில் நாளைக்கு 8 மணி நேரம் என்பது தொழிற்சாலை விதிகளில் உள்ள உச்ச வரம்பு. 95 ஆனால் 4 மணி, 100 ஆனால் 2 மணி, 105 ஆனால் ஒரே மணி நேரம். பட்டடையருகே சத்தம் நூறைத் தாண்டுவது சாதாரணம். முதலில் போவது கீச்சுச் சத்தம்: கொலுசு, போன் மணி, குழந்தையின் குரல். பேச்சு கேட்கும், ஆனால் வார்த்தை பிடிபடாது. போனது திரும்பாது. ரப்பர் அல்லது நுரைப்பஞ்சுக் காதடைப்பான் மருந்துக்கடையில் கிடைக்கிறது. காதுக்குள் உருட்டி முழுதாக நுழைக்கவேண்டும். மேலாக ஒட்டிக்கொண்டிருந்தால் பயனில்லை. வேட்டிக் கிழிசலைச் சுருட்டி வைப்பது காதைக் காக்காது.

உலை, கரி, வெளிச்சம்

சீமைக்கருவேலக் கரி சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் தாராளமாகக் கிடைக்கிறது; அனல் நன்றாகக் கொடுக்கும். எலுமிச்சம்பழ அளவுக்கு உடைத்துப் போடுங்கள். பெரிய துண்டானால் இடையில் காற்று புகுந்து செதிள் கூடும்; தூளானால் காற்று அடைபடும். ஊதுகுழல் வாய்க்கு மேலே நாலு விரல் கனத்துக்குக் கரி எரிந்துகொண்டிருக்க, இரும்பு அதற்கு மேலே படுத்திருக்கவேண்டும். காற்று நேரே இரும்பில் பட்டால் மேல்தோலின் கார்பன் எரிந்துபோகும்.

துருத்தி இழுப்பது ஒரு முழு ஆளின் வேலை. மின்விசிறித் துருத்தி ஒன்று வாங்கிக் குழாயில் தகடு மூடி வைத்துக் காற்றைக் கூட்டிக் குறைத்தால் அந்த ஆள் மிச்சம். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தவேண்டிய அவசியமும் இல்லை.

உலைக்கு மேலே புகைக்கூண்டு வேண்டும். கரி புகையாமல் எரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டுதான் இருக்கும், அதற்கு மணமில்லை. தலைவலி, வாந்தி, கால் தள்ளாட்டம் வந்தால் வெயில் என்று நினைத்துப் பட்டறைக்குள்ளேயே படுத்துவிடாதீர்கள், வெளியே வந்துவிடுங்கள். மழைக்காலத்தில் தார்ப்பாய் போட்டு நாலு பக்கமும் மூடுவது ஆளைக் கொல்லும்.

இரும்பின் நிறம் தெரிய இருட்டு வேண்டும், மூச்சுக்குக் காற்று வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து, சுவரின் மேல் பாதியில் எதிரெதிரே திறப்பு விட்டு, உலைமீது நேர் வெயில் படாமல் ஒரு தட்டி வையுங்கள். கூரை 12 அடி இருந்தால் அனல் தலைக்கு மேலே நின்றுகொள்ளும். விடியற்காலை 4 மணிக்கு உலை மூட்டுகிற பழக்கம் இந்தக் காரணத்தால்தான் நிலைத்திருக்கிறது. அந்த நேரத்தில் நிறம் பொய் சொல்லாது, உடம்பும் வேகாது. நண்பகல் வெளிச்சத்தில் இரும்பு உண்மையைவிட மங்கலாகத் தெரியும். போதவில்லை என்று மேலும் காய்ச்சி எரித்துவிடுகிறோம். சித்திரை, வைகாசியில் காய்ச்சி அடிப்பதை 10 மணிக்குள் முடித்துவிட்டு, பிடி போடுவதையும் அரம் போடுவதையும் மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உலையைப் பார்த்துப் பார்த்துக் கண்ணில் புரை விழுவது இந்தத் தொழிலின் பழைய நோய். வெல்டிங் சாமான் கடையில் 3-ஆம் எண் பச்சைக் கண்ணாடி கேளுங்கள். முதல் சில நாள் நிறம் குழப்பும், பிறகு கண் பழகிவிடும். சாதாக் கறுப்புக் கண்ணாடி வெளிச்சத்தை மட்டும் குறைக்கும், அனற்கதிரை விட்டுவிடும்.

குறடும் சம்மட்டியும்

குறட்டின் வாய் இரும்பின் கனத்துக்குப் பொருந்தவில்லையென்றால் ஆசாரி நாள் முழுதும் இறுக்கிப் பிடிக்கவேண்டியிருக்கும். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இழுக்கிற வலிக்கு இதுதான் காரணம். இரும்பு நழுவித் திரும்பினால் அடி வேறு பக்கம் போகும், காய்ச்சின துண்டு பறக்கும். 9 மி.மீ. பட்டைக்கு ஒரு குறடு, அடித்து மெலிந்தபிறகு 5 மி.மீ.க்கு ஒரு குறடு, வாலை (அரிவாளில் பிடிக்குள் போகும் பகுதியை) பிடிக்க ஒன்று, ஆக மூன்று வேண்டும். வாயைக் காய்ச்சி, அந்தந்தக் கனத்து இரும்பைக் கவ்வவைத்தே அடித்துப் பொருத்திக்கொள்ளலாம். காம்பில் ஓர் இரும்பு வளையத்தைத் தள்ளிவிட்டால் அதுவே பூட்டிக்கொள்ளும், விரல்கள் ஓய்வெடுக்கும்.

சம்மட்டிக் காம்பு கருவேலமரம், 75 முதல் 85 செ.மீ. கோடையில் காய்ந்து தலை ஆடும். ஆப்பை இறுக்காமல் அடிக்கத் தொடங்காதீர்கள். தண்ணீரில் ஊறவைத்தால் அன்றைக்கு மட்டும் பிடிக்கும், மறுநாள் முன்னிலும் அதிகமாக ஆடும். சம்மட்டி முகத்தின் ஓரமும் உளியின் தலையும் அடிபட்டுக் காளான்போல் விரிந்தால் உடனே தேய்த்துவிடுங்கள். அந்த விளிம்பு சிதறித்தான் கண்ணில் ஏறுகிறது. பெண்கள் அடிக்கிற பட்டறையில் 5, 6 கிலோ சம்மட்டி எதற்கு? 3 கிலோவை வேகமாக இறக்கினால் அரிவாளுக்குத் தாராளம்.

காய்ச்சி அடிப்பது

நிறம்தான் அளவுகோல். கிச்சிலிப்பழ நிறத்திலிருந்து இளமஞ்சள் வரை, அதாவது 950 முதல் 1,100 டிகிரி வரை அடிக்கலாம். வெள்ளையாகி மத்தாப்புபோல் பொறி தெறித்தால் இரும்பு எரிந்துவிட்டது. அந்த நுனியை வெட்டி எறியுங்கள், அதைச் சரிசெய்ய வழியில்லை. அடர்சிவப்புக்குக் கீழே இறங்கியதும் நிறுத்துங்கள். “இன்னும் நாலு அடி” என்று ஆறின இரும்பை அடிப்பதுதான் பட்டறையின் மிகப் பெரிய கெட்ட பழக்கம். இரும்பு நகராது, உள்ளே விரிசல் விடும், அடியின் அதிர்ச்சி முழுதும் காம்பு வழியாகத் திரும்பி முழங்கைக்கும் தோளுக்கும் வரும். கரியை மிச்சப்படுத்துவதாக நினைத்துத் தோளைச் செலவழிக்கிறோம்.

ஆசாரி சின்னச் சுத்தியலால் தொட்டுக்காட்டுகிற இடத்தில் சம்மட்டி விழவேண்டும். பட்டடையின் மூலையில் ‘டொக்’ என்று தட்டினால் நிறுத்தம். இந்தச் சைகையில் தளர்வே கூடாது. புதிதாக வருகிறவருக்கு முதல் நாள் ஆறின துண்டில் இதை மட்டும் பழக்குங்கள்.

முதல் இரண்டு மூன்று சூட்டில் வாலை இழுத்துவிடுங்கள்: 12 செ.மீ. நீளம், நுனி கூர். வாலும் அலகும் சேரும் கழுத்தில் சதுர மூலை விழக்கூடாது, வளைவாக இறங்கட்டும். கைப்பிடியோடு அரிவாள் முறிவது அந்த மூலையில்தான். அடுத்து அலகை நீட்டி, முதுகுக் கனத்தை 6 மி.மீ.க்குக் கொண்டுவாருங்கள். பிறகு பட்டடைக் கொம்பில் வைத்துக் கொக்கியை வளையுங்கள். இங்கே புதியவர்கள் எல்லாரும் தவறுகிற ஓர் இடம் உண்டு. அரிவாளின் வாய் உள்வளைவில் இருக்கிறது. வாயை மெலிய அடிக்க அடிக்க அந்தப் பக்கம் நீளும், நீண்டால் கொக்கி விரிந்து நிமிர்ந்துவிடும். அதனால் வேண்டியதைவிட இரண்டு விரல் அதிகமாக வளைத்துவிட்டு, அப்புறம் வாயை அடியுங்கள். அடிக்கும்போது விரிந்து சரியான இடத்துக்கு வந்து நிற்கும். வாயை 2 மி.மீ.க்குக் கீழே கொண்டுபோகாதீர்கள், தோய்ச்சலில் (காய்ச்சி எண்ணெயில் முக்கும்போது) கோணிக்கொள்ளும். இரண்டு பக்கமும் சம எண்ணிக்கையில் அடி விழவேண்டும், இல்லையென்றால் ஒரு பக்கம் இழுக்கும்.

அடித்து முடித்ததும் நேரே தோய்ச்சலுக்குப் போகக்கூடாது. காந்தம் ஒட்டாத சூடு வரை காய்ச்சி, காற்றில் கறுப்பாகும்வரை தொங்கவிடுங்கள். இதை மூன்று முறை செய்யுங்கள். அடியில் ஏறிய இறுக்கம் தளர்ந்து, இரும்புக்குள் பெருத்துப்போன படிக மணி நைசாகும். மொத்தம் அரை மணி நேரம் ஆகும். சம்மட்டி ஆளுக்கு அதுவே ஓய்வு நேரம். அவசரத்தில் இதை விட்டுவிட்டுப் பிறகு “இந்தப் பட்டை சரியில்லை” என்று இரும்பைக் குறை சொல்வது வழக்கமாகிவிட்டது.

தோய்ச்சலும் பதமும்

லாரிப் பட்டைக்கு எண்ணெய்தான். அந்தக் காலத்துக் கலப்பைக் கொழுவுக்குப் பழகின கை தண்ணீரைத் தேடும். தண்ணீரில் போட்டால் பத்தில் சில தப்பும், மிச்சம் வெடிக்கும். பலகாரக் கடையில் கழித்த கடலை எண்ணெய் 10 லிட்டர், ஆழமான இரும்புச் சட்டியில். ஓர் இரும்புத் துண்டைக் காய்ச்சி முக்கி எண்ணெயை 50, 60 டிகிரிக்கு, அதாவது விரல் வைத்தால் சட்டென எடுக்கிற சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக ஒட்டிக்கொண்டு மெதுவாகத்தான் சூட்டை இழுக்கும். பழைய என்ஜின் ஆயில் இலவசம்தான், ஆனால் அந்தப் புகையில் உலோகத் துகளும் புற்றுநோய் தரும் பொருள்களும் இருக்கின்றன. தினமும் முகத்துக்கு நேரே ஏறுகிற புகை அது. வேண்டாம். எண்ணெயில் தண்ணீர் இறங்கியிருந்தால் சூட்டில் பொங்கித் தெறிக்கும். ராத்திரி மூடி வையுங்கள். பக்கத்தில் சட்டியின் வாயை முழுதாக மூடும் தகடும் ஒரு வாளி மணலும் இருக்கட்டும். எண்ணெய் பற்றிக்கொண்டால் தகட்டால் மூடுங்கள். தண்ணீரை ஊற்றினால் தீ கூரைக்கு ஏறும்.

காந்தம் விடுகிற சூடு 770 டிகிரி. அதற்குக் கொஞ்சம் மேலே, 830 முதல் 850 வரை, வாய் முழுதும் ஒரே நிறமாக வந்ததும் ஒரு நிமிடம் நிறுத்தி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, வாய்ப்பக்கம் கீழாக நேரே இறக்குங்கள். பக்கவாட்டில் அசைத்தால் கோணும். முன்னும் பின்னும் மட்டும் அசைக்கலாம். முதுகு 2 செ.மீ. வெளியே நின்றால் அது மெதுவாக ஆறி முறியாத முதுகாக இருக்கும். பின்பு அரத்தை வாயில் ஓட்டிப் பாருங்கள். கண்ணாடிமேல் போவதுபோல் வழுக்கினால் ஏறிவிட்டது. மேல்தோல் மட்டும் மெத்தென்று இருந்தால் இன்னும் கொஞ்சம் ஆழமாக அரத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இந்த நிலையில் அரிவாள் கீழே விழுந்தாலே உடையும். அரை மணிக்குள் பதத்தைத் தணிக்கவேண்டும். ஓரிடத்தைப் பளபளவென்று தேய்த்துவிட்டு, சூடான மணல் சட்டியில் முதுகு கீழே, வாய் மேலே இருக்கும்படி வையுங்கள். நிறம் முதுகிலிருந்து வாயை நோக்கி ஏறும். வைக்கோல் நிறம் 220, பொன்னிறம் 240, பழுப்பு 260, கத்தரிப்பூ நிறம் 280, மயில்நீலம் 300. காய்கறிக் கத்தியென்றால் வைக்கோலில் நிறுத்துங்கள். தேங்காய் வெட்டுகிறதற்குப் பழுப்பு. விறகு வெட்டரிவாளுக்குக் கத்தரிப்பூ. ஆறவிட்டு மறுபடியும் ஒரு முறை அதே நிறத்துக்கு.

வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டுவரும் அரிவாளைப் பார்த்தே தவறைப் படிக்கலாம். வாயில் பல்பல்லாகப் பெயர்ந்திருந்தால் பதம் தணியவில்லை. மடங்கியிருந்தால் அதிகம் தணிந்தது, அல்லது கார்பன் போன மேல்தோலைச் சாணையில் எடுக்காமல் விட்டது. முறிந்த இடத்தில் உப்புக்கல்போல் பெரிய மணி மினுங்கினால் சூடு மிஞ்சியது. முறிவில் ஒரு பகுதி மட்டும் கறுத்திருந்தால் விரிசல் தோய்ச்சலுக்கு முன்பே இருந்திருக்கிறது.

சாணை

இந்தத் தொழிலில் ஆளைச் சத்தமில்லாமல் கொண்டுபோவது சாணைதான். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 19-ஆம் நூற்றாண்டில் முள்கரண்டிக்கு உலர்ந்த மணற்கல்லில் சாணை பிடித்தவர்கள் நடுவயதைக்கூடக் காணாமல் நெஞ்சடைத்துச் செத்தார்கள். கல்லின் சிலிக்கா தூசி நுரையீரலில் படிந்தால் வெளியே வராது. காசநோயும் சுலபமாகத் தொற்றிக்கொள்ளும். பழைய மணற்கல் சாணை இன்னும் வைத்திருந்தால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழாமல் அதைச் சுற்றாதீர்கள். தண்ணீர் இன்னொன்றையும் காக்கிறது: உலர்சாணையில் வாய் நீலமானால் நீங்கள் போட்ட பதம் அங்கேயே இறங்கிவிட்டது என்று பொருள். எமரிக் கல்லானாலும் என்95 முகக்கவசம் போடுங்கள். முகத்தில் கட்டின துண்டு வியர்வையைத்தான் பிடிக்கும், தூசியைப் பிடிக்காது.

கல்லை மாட்டும் முன் ஒரு குச்சியில் தொங்கவிட்டுக் கட்டைப் பிடியால் தட்டுங்கள். கணீரென்றால் நல்லது, சொத்தென்றால் உள்ளே விரிசல். 8 அங்குலக் கல் 2,800 சுற்றில் ஓடும்போது விளிம்பின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 30 மீட்டர். அதே மோட்டாரில் 12 அங்குலக் கல்லைப் போட்டால் 45 மீட்டர். சாதாக் கல் அந்த வேகத்தைத் தாங்காது, வெடித்துச் சிதறும். மூடியைக் கழற்றாதீர்கள். கைதாங்கிக்கும் கல்லுக்கும் இடைவெளி 3 மி.மீ.க்கு மேல் போனால் அரிவாள் அதில் சிக்கிக் கையையும் இழுத்துக்கொள்ளும். கழுத்தில் துண்டு, முந்தானை, கையுறை மூன்றும் சாணைக்கு ஆகாது.

பிடி போடுவது சுருக்கமான வேலை. நன்றாகக் காய்ந்த கட்டையில் துளை போட்டு, பூண் ஏற்றி, வாலின் நுனியைச் சூடாக்கி முக்கால்வாசி எரித்து இறக்குங்கள். உருக்கிய அரக்கை ஊற்றி மிச்சத்தைத் தட்டி இறக்கினால் முடிந்தது. அலகை ஈரச் சாக்கில் சுற்றிக்கொள்ளுங்கள், சூடு வாய்க்கு ஏறாது.

உடம்புக்கு

தாகம் எடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது. இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர். உப்புப் போட்ட மோர், நீராகாரம் எல்லாம் நல்லது. தசை பிடித்து இழுத்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. வியர்வை நின்று, பேச்சு குழறி, உடம்பு கொதித்தால் நிழலில் கிடத்தி மேலெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள்.

சூடு பட்டால் 20 நிமிடம் ஓடுகிற தண்ணீர். மை, பற்பசை, மஞ்சள் எதையும் தடவாதீர்கள். கண்ணில் இரும்புத் துகள் ஏறினால் துணி நுனியால் எடுத்துவிடுகிற கைராசிக்காரர் எல்லாப் பட்டறைத் தெருவிலும் உண்டு; அவரிடம் போகாமல் கண் மருத்துவரிடம் போங்கள். இரும்பு உள்ளே தங்கினால் கருவிழியில் துரு வளையம் கட்டும். பத்து வருடத்துக்கு ஒரு தடவை டெட்டனஸ் ஊசி. நைலான், பாலியெஸ்டர் உடை உலைப் பக்கம் கூடாது, உருகித் தோலில் ஒட்டும். பருத்திச் சேலையின் முந்தானையை இழுத்துச் செருகி, மேலே கனத்த பருத்திச் சட்டை. காலுக்குச் செருப்பு வேண்டாம், தோல் ஷூ வேண்டும். அடர்சிவப்புக்குக் கீழே ஆறின இரும்பு 400 டிகிரியிலும் கறுப்பாகத்தான் இருக்கும். கீழே கிடக்கிற எதையும் புறங்கையால் அனல் பார்க்காமல் எடுக்காதீர்கள்.

விலையும் பதிவும்

இருவர் 8 மணி நேரத்தில் ஆறு அரிவாள் என்றால் ஒன்றுக்கு 2 மணி 40 நிமிட உழைப்பு. உதாரணத்துக்கு, ஓர் அரிவாளை 500 ரூபாய்க்கு விற்று, இரும்பு, கரி, மின்சாரம், சாணைக்கல் தேய்மானம் சேர்த்து 200 போனால் மிச்சம் 300. சம்மட்டி அடித்தவரின் நேரத்தைக் கணக்கில் விட்டால் மணிக்கு 225 ரூபாய் கிடைத்ததுபோல் தோன்றும். சேர்த்தால் 112 ரூபாய். பேரம் பேசுகிறவரிடம் விட்டுக்கொடுக்கும் 50 ரூபாய் எங்கிருந்து போகிறது என்பது அப்போது தெரியும். உங்கள் கரியையும் இரும்பையும் ஒரு வாரம் எடைபோட்டு எழுதி, இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

8 டன்னை இறக்கிவைக்க ஒரே நிரந்தர வழி மோட்டாரில் ஓடும் விசைச் சம்மட்டி. தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் ரூபாய் வரை கடனும், 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியமும் உண்டு. 35 வயது ஆகியிருக்கவேண்டும். மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள்.

விற்பனைக்கு ஒரு நோட்டு போடுங்கள்: தேதி, வாங்கியவர் பெயர், ஊர், போன், என்ன வேலைக்கு, என்ன அளவு. 2021-இல் காவல்துறை, வாங்குவோர் விவரத்தை எழுதிவைக்கும்படி பட்டறைகளுக்குச் சொன்னது. ஆயுதச் சட்ட விதிகளில் வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்த கருவிகளுக்கு விலக்கு உண்டு. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள மற்றவைதான் சிக்கல். முன்பின் தெரியாத இளைஞர் வந்து வீச்சுக்கென்று நீளமாகக் கேட்டால் மறுத்துவிடுங்கள். ஊரில் எங்கே வெட்டு விழுந்தாலும் முதலில் விசாரணைக்கு உட்காரவைக்கப்படுவது பட்டறைக்காரர்தான். அந்த நோட்டு அன்றைக்குக் கைகொடுக்கும்.

அமைப்புசாரா தொழிலாளர் நல வாரியப் பதிவு 18 முதல் 60 வயதுக்குள். விபத்து உதவி, 60-க்குப் பிறகு ஓய்வூதியம் எல்லாம் இந்தப் பதிவின் பேரில்தான். எந்த வாரியத்தில் சேர்வது என்று தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகத்தில் சொல்வார்கள். இரண்டு விண்ணப்பமாக வாங்குங்கள். ஆசாரிக்கு ஒன்று, சம்மட்டி அடிக்கிற மனைவிக்கு ஒன்று. அவருடைய விண்ணப்பத்தில் தொழில் என்கிற கட்டத்தை ‘இல்லத்தரசி’ என்று நிரப்பிவிடாமல், ‘கொல்லுப்பட்டறைத் தொழிலாளி’ என்று எழுதுங்கள்.